குடிக்கலாம்னு நான் சொன்ன கிணறு

எனக்குக் கொடுத்திருக்கற தலைப்பைப் பாருங்க: "புத்தகப் படிப்பா, பட்டறிவா?" பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்கு. ரிட்டயர் ஆன கிழவன் மைக்கைப் பிடிச்சா என்ன சொல்வான்னு உங்களுக்கே தெரியும். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது தம்பி, நாங்கெல்லாம் அந்தக் காலத்துல..." னு ஆரம்பிப்பான். நீங்களும் நிம்மதியா தூங்கலாம். நான் அதைச் சொல்ல வரலை. அப்படிச் சொல்றவங்களைக் கண்டா எனக்கு இப்பவும் எரிச்சல் வரும். ஏட்டை நம்பி நான் கெட்டிருக்கேன். ஏட்டைத் தூக்கிப் போட்டுட்டு அனுபவக்காரரு பின்னாடி போயும் கெட்டிருக்கேன். ரெண்டும் ஒரே வாரத்துல, ஒரே கிணத்தடியில நடந்துச்சு. அதைச் சொல்லிட்டு இறங்கிடறேன். நடுவுல கை தட்டாதீங்க, கோவையா வராது.

நீங்க இப்ப ஹெல்த் இன்ஸ்பெக்டர். எங்க காலத்துல சானிட்டரி இன்ஸ்பெக்டர்னு பேரு. ஊர் ஜனங்க "சானிட்ரி வராருடா"ன்னு சொல்லிட்டு எச்சில் இலையை மறைச்சு வெப்பாங்க. நான் சேர்ந்தது ஐம்பதுகளோட கடைசியில. வயசு இருபத்தஞ்சு. அப்பாவுக்கு விவசாயம். எங்க குடும்பத்துலயே பேனா பிடிச்சு சம்பளம் வாங்கின முதல் ஆளு நான்தான். ட்ரெய்னிங்ல முதல் மார்க். தடியா ஒரு கைப்புத்தகம் கொடுத்தாங்க. எந்த அட்டவணை எந்தப் பக்கத்துலன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். தலைக்கனம் இருந்துச்சுன்னு ஒத்துக்கறேன். அது கொஞ்சம் ஜாஸ்தியாவே இருந்துச்சு.

அப்பல்லாம் திருவண்ணாமலையில மாசா மாசம் பௌர்ணமிக்கு இப்ப மாதிரி கூட்டம் வராது. கார்த்திகை தீபம்னாதான் கூட்டம். ஆனா அந்தக் கூட்டம் வருதுன்னாலே எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் பயந்தான். காரணம் காலரா. ஒரு ஆளு வாந்தி எடுத்தான்னு சேதி வந்தா போதும், சாப்பிட்ட சோறு இறங்காது. அந்த வருஷம் தீபத்துக்கு முன்னாடி அஞ்சு நாள் என்னை அடி அண்ணாமலைப் பக்கம் ஸ்பெஷல் டியூட்டி போட்டாங்க. மலையைச் சுத்தற பாதையில ஒரு சத்திரம், அதுக்கு ஒரு பெரிய கிணறு, கொஞ்சம் தள்ளி ஒரு குளம். வெளியூர் ஜனங்க அங்கதான் இறங்குவாங்க. எனக்குக் கீழ ஒரு மேஸ்திரி, நாலு ஆளுங்க.

அந்த மேஸ்திரி பேரைச் சொல்ல மாட்டேன், அவரு பேரன் உங்க டிபார்ட்மென்ட்லயே இருக்கான். இருபது வருஷ சர்வீஸ். கையெழுத்துப் போடத் தெரியாது, கட்டைவிரல்தான். என்னைவிட பதினஞ்சு வயசு மூத்தவரு, ஆனா நான் அவரை "என்ன மேஸ்திரி"ன்னுதான் கூப்பிடுவேன், அவரு என்னை "சார்"னு கூப்பிடுவாரு.

தீபத்துக்கு மூணு நாள் முன்னாடி காலையில கிணத்துக்கு பிளீச்சிங் பவுடர் போடணும். நான் கயிறு விட்டு ஆழம் அளந்தேன், அகலம் அளந்தேன், அட்டவணையைப் பார்த்தேன், எத்தனை பவுண்டுன்னு கணக்குப் போட்டேன். கணக்கு அப்படியே கண்ணாடி மாதிரி வந்துச்சு. மேஸ்திரி டின்னைத் திறந்தாரு. திறந்தவரு அப்படியே நின்னாரு. குனிஞ்சு ஒரு தடவை மோந்து பார்த்தாரு.

"சார், மூக்குல ஏறலையே."

"என்ன ஏறலை?"

"நல்ல பவுடர்னா டின்னு தொறந்ததும் கண்ணு எரியணும் சார். தும்மல் வரும். இது சும்மா சுண்ணாம்பு மாதிரி கெடக்குது. மூடி சரியா இல்லாம மழையில ஊறியிருக்கும்."

அவரு சொன்னது புத்தகத்துலயும் இருக்கு, அதுதான் வேடிக்கை. பவுடர் காத்துப்பட்டா வீரியம் போயிடும்னு அடியில பொடி எழுத்துல போட்டிருக்கும். பரீட்சைக்கு அதைக் கேட்டா மார்க் வாங்கியிருப்பேன். ஆனா ஒரு கைநாட்டு மேஸ்திரி மூக்கால கண்டுபிடிச்சு எனக்குச் சொல்றதா?

"மேஸ்திரி, பவுடரை மூக்கால அளக்கறதுன்னு எங்கயும் போடலை. கணக்குன்னு ஒண்ணு இருக்கு. போடுங்க."

"நீங்க சொன்னா சரிங்க சார்." போட்டாரு.

போட்ட பிறகு தண்ணியில சொட்டு மருந்து விட்டுப் பார்க்கணும். நீலமா மாறினா பவுடர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அந்தச் சொட்டு மருந்து பாட்டில் டவுன் கேம்ப்ல மாட்டிக்கிச்சு. போய் எடுத்துட்டு வர சைக்கிள்ல ஒரு மணி நேரம் ஆகும். கணக்கு சரியா இருக்கறப்ப சோதனை எதுக்குன்னு விட்டுட்டேன். "குடிக்கத் தகுந்த தண்ணீர்"னு எழுதின தகரத்தைக் கிணத்துக் கம்பத்துல மாட்டினேன். ஆணி அடிச்சது நானேதான்.

அன்னிக்கு ஒரு பத்து மணி இருக்கும். ஈர வேட்டியோட, கையில செம்பும் கயிறுமா சந்துரு வந்தான். என்கூட ஹைஸ்கூல்ல படிச்சவன். கோயில் குருக்கள் வீட்டுப் பையன், ஆனா தத்துவம் எம்.ஏ. படிச்சிட்டு வெளியூர் காலேஜ்ல டியூட்டரா இருந்தான். தீபத்துக்குக் கோயில்ல பூஜை பண்ற முறை அவன் குடும்பத்துக்கு இருந்ததால லீவு போட்டுட்டு வந்திருந்தான். கல்யாணமாகி எட்டு மாசம். என்னை ஒரு இடத்துல கட்டிப்போட்டு வாதம் பண்றதுன்னா அவனுக்கு வெல்லம் தின்ன மாதிரி.

தகரத்தைப் படிச்சான், சிரிச்சான். "என்னடா வேலு, கிணத்துக்கே சர்ட்டிபிகேட் கொடுத்துட்டே. இது தகுந்த தண்ணின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"இந்தக் கிணத்தைப் பத்தியா?"

"எல்லாக் கிணத்தைப் பத்தியும்."

அவ்வளவுதான், ஆரம்பிச்சுட்டான். கிணத்துச் சுவத்துல சாஞ்சுக்கிட்டு விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். உலகாயதர்னு ஒரு கூட்டம் இருந்துச்சாம். கண்ணால கண்டாதான் நம்புவேன், மத்ததெல்லாம் கதைன்னவங்க. பௌத்தர் அதோட கருதலையும் சேர்த்துக்கிட்டாங்களாம். மலையில புகை தெரிஞ்சா அங்க தீ இருக்குன்னு யோசிச்சுத் தெரிஞ்சுக்கறது. நம்ம சைவ சித்தாந்திங்க மூணுன்னு சொன்னாங்க: காண்டல், கருதல், உரை. உரைன்னா நம்பத் தகுந்தவன் சொன்ன வார்த்தை. சீமையில ஒருத்தரு, பிறக்கறப்ப மனசு வெறும் பலகை, அதுல அனுபவந்தான் எழுதுதுன்னாராம். ஜெர்மனியில இன்னொருத்தரு, அனுபவம் மட்டும் இருந்தாலும் குருடு, கருத்து மட்டும் இருந்தாலும் வெத்துன்னு ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சாராம். கிரேக்க தேசத்துல ஒரு கிழவரு எழுத்தையே நம்ப மாட்டாராம். ஏன்னா புத்தகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டா, முன்னாடி சொன்னதையேதான் அது திரும்பச் சொல்லும்.

"அந்தக் கிழவரு கெட்டிக்காரருடா"ன்னான் சந்துரு. "உன் அட்டவணையைப் பார்த்து, இந்த டின்னுல இருக்கற பவுடர் எப்படின்னு கேளு. என்ன சொல்லும்? அதே நம்பரைத்தான் சொல்லும்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. மேஸ்திரி வேற பக்கத்துலதான் நிக்கறாரு. "போடா, காலேஜ்ல போய் சொல்லு இதையெல்லாம்"னேன்.

அவன் விடலை. கயிறு விட்டு ஒரு செம்பு மொண்டான், தூக்கிப் பிடிச்சுப் பார்த்தான். "காண்டல்னு பார்த்தா தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. ஆனா கிருமி கண்ணுக்குத் தெரியாதுங்கறே. கருதலாம்னா புகை மாதிரி ஒரு அடையாளமும் இல்லை. மிச்சம் உரைதான். நீ எனக்கு ஆப்தன். சொல்லு, குடிக்கலாமா?"

"குடிடா. நான் சொல்றேன்."

ரெண்டு செம்பு குடிச்சான். ஆப்தன்னா நம்பிக்கைக்கு உரியவன். அவன் விளையாட்டாதான் சொன்னான், எனக்கு அது மாலை போட்ட மாதிரி இருந்துச்சு. அப்ப கிணத்தைச் சுத்தி பத்துப் பதினஞ்சு வெளியூர் ஜனங்க பாத்திரத்தோட நின்னுட்டு எங்களையே பார்த்துட்டு இருந்தாங்க. அதை நான் பெரிசா கவனிக்கலை.

ரெண்டு நாள் ஒண்ணும் இல்லை. தீபத்துக்கு முந்தின நாள் காலையில சத்திரத்துல ஒரு பொம்பளைக்கு வாந்தி பேதின்னாங்க. போய்ப் பார்த்தேன். செங்கம் பக்கத்துக் கிராமம், வயசு முப்பதுக்குள்ள. கண்ணு உள்ள போயிருந்துச்சு. விரலெல்லாம் துணி துவைச்ச மாதிரி சுருங்கியிருந்துச்சு. புருஷன்காரரு தலைமாட்டுல உக்காந்து துண்டால விசிறிட்டிருந்தாரு. பத்து மணிக்குள்ள இன்னும் ரெண்டு பேரு. தனி ஷெட்டுக்கு அவங்களை அனுப்பிட்டு, டாக்டருக்கு ஆள் விட்டுட்டு, நேரா பவுடர் டின்னுகிட்ட ஓடினேன். மூடியைத் திறந்து மூக்கை உள்ள விட்டேன். ஒண்ணும் ஏறலை. சைக்கிள்ல டவுனுக்குப் போய் சொட்டு மருந்தும் சீல் உடைக்காத ஒரு டின்னும் வாங்கிட்டு வந்தேன். கிணத்துத் தண்ணியில சொட்டு விட்டேன். நீலம் வரலை. இன்னும் நாலு சொட்டு விட்டேன், வரலை.

அப்ப நான் பண்ணினதை நல்லாக் கேளுங்க. முதல் தப்பு தலைக்கனத்தால வந்துச்சு. ரெண்டாவது தப்பு வெக்கத்தால வந்துச்சு. மேஸ்திரி சொன்னதைக் கேட்காம கெட்டேன், இனிமே அவரு சொன்னதுதான் வேதம்னு முடிவு பண்ணிட்டேன்.

"மேஸ்திரி, நீங்க சொன்னதுதான் சரி. இப்ப என்ன பண்றது?"

அவரு ஒரு நிமிஷம் கூட யோசிக்கலை. "குளந்தான் சார். நான் பார்த்த அத்தனை தடவையும் குளத்துலேர்ந்துதான் வந்துச்சு. ஜனங்க அதுலயே குளிச்சு, அதுலயே கொப்பளிக்கறாங்க. கிணறு ஒண்ணும் பண்ணாது. இருபது வருஷமா நானே குடிக்கறேன், ஒரு தலைவலி கூட வந்ததில்லை."

புது டின்னு ஒண்ணுதான் இருந்துச்சு. அடுத்தது சாயங்காலந்தான் வரும். கிணத்துல நீலம் வரலைன்னு என் கண்ணால பார்த்தவன் நான். ஆனா நீலம் வரலைன்னா மருந்து இல்லைன்னு அர்த்தம், கிருமி இருக்குன்னு அர்த்தமில்லையே. இருபது வருஷம் குடிச்சவரு சொல்றாரு. சரின்னு அந்த டின்னு பூராவும் குளத்துல கொட்டினோம். குளத்தைச் சுத்திக் கயிறு கட்டி, ஆள் நிறுத்தினோம். அது முடிய மத்தியானம் ரெண்டு மணி ஆச்சு. அதுவரைக்கும் கிணத்துல கப்பி சத்தம் நிக்கவே இல்லை. குளத்துக்குப் போக முடியாத ஜனமெல்லாம் கிணத்துக்குத்தான் வந்துச்சு. நான்தான் அனுப்பினேன்.

ரெண்டரை மணி இருக்கும். சந்துரு வீட்டுலேர்ந்து அவன் மச்சான் ஓடி வந்தாரு. விடியக்காலையிலேர்ந்து வாந்தியாம், வயித்தால போறதாம், இப்ப எழுந்திருக்கவே முடியலையாம்.

அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. சந்துரு அந்தக் குளத்துப் பக்கமே போனவன் இல்லை. வீட்டுக் கிணத்துல குளிச்சுட்டு வந்தவன். வெளியில கை நனைக்காத குடும்பம். இந்தப் பக்கம் அவன் வாயில பட்டது ரெண்டு செம்பு தண்ணி, அதுவும் என் கண்ணு முன்னாடி. ஷெட்டுக்கு ஓடினேன். அந்தச் செங்கத்துக்காரர்கிட்ட, "குளத்துல குளிச்சீங்களா, குடிச்சீங்களா?"ன்னு கேட்டேன்.

"இல்லீங்க. குளத்துத் தண்ணி பச்சையா இருந்துச்சு, வேணாம்னுட்டா. கிணத்தாண்ட வந்தோம். தகரத்துல என்னமோ எழுதியிருந்துச்சு, எங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீங்க குடின்னு சொன்னீங்க, அய்யரு குடிச்சாரு. அய்யரே குடிக்கறாருன்னா சுத்தமாத்தான் இருக்கும்னு அவ சொன்னா. அதான் நாங்களும் குடிச்சோம்."

என்னை நம்பி சந்துரு குடிச்சான். சந்துருவைப் பார்த்து அந்தம்மா குடிச்சா. அந்தம்மாவைப் பார்த்து எத்தனை பேரு குடிச்சாங்களோ! தம்பிங்களா, தங்கச்சிங்களா, இதை மட்டும் எழுதி வெச்சுக்கங்க. நாம படிச்சது நமக்குத்தான் புத்தகம். ஜனங்களுக்குப் புத்தகம் நாமதான். அவங்க பக்கத்தைப் புரட்டிப் பார்க்க மாட்டாங்க, நம்ம மூஞ்சியைப் பார்ப்பாங்க.

கிணத்தை மூடணும். சத்திரத்துக் கிணத்தைத் திருவிழா சமயத்துல மூட மேலதிகாரியோட எழுத்து உத்தரவு வேணும்னு விதி. அவரு தேரடிப் பக்கம் எங்கயோ கூட்டத்துல இருக்காரு, தேடிப் பிடிக்கப் பொழுது போயிடும். நான் நேராப் போய் கப்பியிலேர்ந்து கயிறை உருவினேன். சத்திரத்து மணியக்காரரு பாய்ஞ்சு வந்தாரு.

"என்னய்யா பண்றே? நாளைக்கு தீபம். பத்தாயிரம் ஜனம் வரும். உத்தரவு எங்க?"

"உத்தரவு இல்லை."

"உன் சீட்டைக் கிழிச்சிடுவாங்க, தெரியுமா?"

தெரியும். அப்பா முகந்தான் முன்னாடி வந்து நின்னுச்சு. என் சம்பளத்தை நம்பி தங்கச்சிக்குப் பொண்ணு பார்க்க வரச் சொல்லியிருந்தாங்க. நோட்டுலேர்ந்து ஒரு தாளைக் கிழிச்சு, "இந்தக் கிணற்றை என் சொந்தப் பொறுப்பில் மூடுகிறேன்"னு எழுதி, கையெழுத்துப் போட்டு அவரு கையில திணிச்சேன். கூட்டம் சேர்ந்துடுச்சு. "சாமி பார்க்க வந்தவங்களுக்குத் தண்ணி இல்லைன்றியே, நீ உருப்படுவியா?"ன்னு ஒரு கிழவி மண்ணை வாரித் தூத்தினா. ஒரு ஆளு என் சட்டையைப் பிடிச்சான். நான் அந்தத் தகரத்தைப் பிடுங்கப் பார்த்தேன், வரலை. அவ்வளவு பலமா ஆணி அடிச்சிருக்கேன்.

மேஸ்திரி பக்கத்துல வந்தாரு. மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. "சார், நான் பொய் சொல்லலை சார். சத்தியமா இருபது வருஷமா குடிக்கறேன்."

"நீங்க பொய் சொல்லலை மேஸ்திரி. உங்களுக்கு வரலை, அவ்வளவுதான்."

அவரு கத்தியை எடுத்துட்டுப் போய் வேலிமுள்ளு வெட்டிட்டு வந்து கிணத்துச் சுவரு பூரா அடுக்கினாரு. அந்த முள்ளுக்கு முன்னாடி தானே சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. "என் மேல கால வெச்சுட்டு மொண்டுக்குங்க"ன்னாரு. ஒருத்தனும் கிட்ட வரலை. மேற்கால தோட்டத்துக் கிணறு ஒண்ணு இருந்துச்சு, சோதிச்சுப் பார்த்து, அங்கேர்ந்து மாட்டு வண்டியில பீப்பாய் பீப்பாயா தண்ணி வந்துச்சு. இந்தத் தடவை நீலம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

சந்துருவை அதே ஷெட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. டாக்டரு சலைன் ஏத்திட்டு இருந்தாரு. பாட்டில் கம்மி, ஆளு ஜாஸ்தி. எந்த வண்டி மணி கேட்டாலும், இன்னொரு கேஸான்னு வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன். சந்துருவோட சம்சாரம் வாசல்ல நின்னுட்டிருந்தா. முழுகாம இருக்கா, உள்ள விட மாட்டாங்க. என்னைப் பார்த்ததும், "நீங்க சொன்னதாலதான் குடிச்சாராமே அண்ணா?"ன்னு கேட்டா. கோபமா கேட்டிருந்தா தாங்கியிருப்பேன். அவ நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டா. "ஆமாம்மா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன்.

தீபத்தன்னிக்கு மத்தியானம் அவனுக்குக் கொஞ்சம் குரல் வந்துச்சு. உதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. நான் கால்மாட்டுல உக்காந்து அழுதேன். "என்னால வந்துச்சுடா, மேஸ்திரி சொன்னாரு, நான் கேட்கலைடா"ன்னேன். இல்லைடான்னு சொல்லுவான்னு எதிர்பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அவன் சொல்லலை. மெதுவா சொன்னான்: "ஆப்தனுக்கு ரெண்டு லட்சணம்டா வேலு. பொய் சொல்லக் கூடாது, விஷயம் தெரிஞ்சிருக்கணும். நீ பொய் சொல்லலை. உனக்குத் தெரியலை. தெரியலைங்கறதே உனக்குத் தெரியலை." மூச்சு வாங்கிட்டு, "நானும் காலேஜ்ல அதேதான் பண்றேன். படிச்சதைச் சொல்றேன். என்ன, என் பேச்சைக் கேட்டு யாரும் சாகறதில்லை"ன்னான்.

அந்த ஜெர்மன்காரரு, கிரேக்கக் கிழவரு, உலகாயதரு எல்லாரும் அவரவர் பக்கத்துல சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நான் அதுக்கப்புறம் அவன்கிட்ட வாங்கி வாங்கிப் படிச்சேன். ஆனா அதுல யாரும், தப்பா தெரிஞ்சுக்கிட்டவன் தண்ணிக்குப் பொறுப்பா இருந்தா என்ன ஆகும்னு சொல்லலை. அதை நாமதான் யோசிக்கணும். அனுபவம்னா என்ன? மேஸ்திரிக்கு நடந்தது மேஸ்திரிக்கு மட்டும் நடந்தது. புத்தகம்னா என்ன? எங்கயோ நூறு பேருக்கு நடந்ததை ஒருத்தன் எழுதி வெச்சது. ரெண்டையும் வெச்சுக்கிட்டு, இந்தக் கிணறு, இந்த டின்னு, இன்னிக்குன்னு கேட்கறவன் ஒருத்தன் வேணும். அன்னிக்கு அந்த ஆளு நான், நான் கேட்கலை.

சந்துரு பிழைச்சான். செங்கத்தம்மா பிழைக்கலை. தீபம் ஏத்தறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போயிட்டா. "அரோகரா"ன்னு ஊரே மலையைப் பார்த்துக் கத்தினப்ப, நாங்க நாலு பேரு அவளைத் தூக்கிட்டுப் போயிட்டிருந்தோம். காலரா பிணத்தை ஊருக்கு எடுத்துட்டுப் போக விட மாட்டாங்க. அங்கயே புதைச்சோம். மொத்தம் ஒன்பது பேருக்கு வந்துச்சு, போனது அந்தம்மா மட்டுந்தான். கிணத்தை மூடின பிறகு பீப்பாய்த் தண்ணி குடிச்சவங்க யாருக்கும் வரலை. பின்னாடி பார்த்தப்ப, மேல்பக்கத்துச் சுவத்துல கல்லு விட்ட இடத்துல, சத்திரத்துப் பின்பக்கத்து அழுக்குத் தண்ணி மழையோட சேர்ந்து உள்ள இறங்கியிருந்துச்சு. இருபது வருஷமா இல்லாத சந்து அந்த வருஷத்து மழையில வந்திருக்கு. மேலதிகாரி, உத்தரவில்லாம மூடினதுக்கு ஒரு மெமோ கொடுத்தாரு, சரியான சமயத்துல மூடினதுக்கு ஒரு பாராட்டும் கொடுத்தாரு. செத்த பவுடர் போட்டதை நானே எழுதிக் கொடுத்தேன். அதுக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் போச்சு. ஒரு உசிருக்கு ஒரு இன்கிரிமென்ட்!

ரெண்டு நாள் கழிச்சு அந்தப் புருஷன்காரரு கேம்ப்புக்கு வந்தாரு. கையில அவ புடவையைக் கட்டின மூட்டை. அதையும் கொதிக்கற தண்ணியில போட்டுத்தான் கொடுத்திருந்தோம். திட்ட வராருன்னு நினைச்சேன். திட்டட்டும், அடிக்கட்டும்னு எழுந்து நின்னேன்.

அவரு கும்பிட்டாரு. "நீங்க அந்தக் கிணத்தை மூடலைன்னா இன்னும் எத்தனை பேரு போயிருப்பாங்கன்னு சொன்னாங்க சார். நல்லா இருங்க. ஒண்ணு கேக்கணும். எங்க ஊர்லயும் ஒரு கிணறு இருக்குது. ஊரே அதுலதான் குடிக்குது. இவ்வளவு நாளு நான் அதையெல்லாம் நெனச்சதில்லை. அந்தத் தண்ணி குடிக்கலாமா சார்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அவரு ஊர்க் கிணறு எப்படி இருக்கும், எத்தனை அடி, என்ன தண்ணின்னு புத்தகத்தை வெச்சு நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். சந்தோஷமா போயிருப்பாரு.

"தெரியாதுங்க"ன்னேன். "பார்க்காம சொல்ல முடியாது." வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த வார்த்தையை நான் வாய் விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்ப வந்து பாருங்க சார்"னாரு.

அன்னிக்கு மத்தியான பஸ்லயே அவரோட கிளம்பினேன். சொட்டு மருந்து பாட்டிலை மடியில வெச்சுக்கிட்டேன். பாதி வழியில என்னால அடக்க முடியலை. எல்லாத்தையும் சொன்னேன். பவுடர் செத்தது, மேஸ்திரி சொன்னது, நான் கேட்காதது, சோதிக்காம தகரத்தை மாட்டினது. "உங்க சம்சாரம் போனது என்னாலதாங்க"ன்னேன். அவரு என் பக்கம் திரும்பலை. முன்சீட்டுக் கம்பியைப் பிடிச்சிருந்த கை மட்டும் இறுகிச்சு. அந்தப் பஸ் எத்தனை இடத்துல நின்னுச்சு, யாரு ஏறினா, யாரு இறங்கினா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. அந்தக் கையையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன்.

அவரு ஊர் வந்துச்சு. எழுந்து மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டாரு. நான் உக்காந்தே இருந்தேன். இறங்கலாமா, அப்படியே அடுத்த பஸ்ல திரும்பிடலாமான்னு புரியலை. படிக்கட்டு வரைக்கும் போனவரு திரும்பி என்னைப் பார்த்தாரு. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு.

"எறங்குங்க சார். கெணத்தைப் பாக்கணும்ல? எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது."